அருவியில் யாரை நிறுத்துவது

ஆனி 16

விடியும்போதே சாரல். கொடியில் கிடக்கும் துணி முந்தாநாளிலிருந்து ஈரம். வீடு நிறைய ஆள்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி வந்தால் இதுதான் கதி. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் போதும். எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் எண்ணெய்ச் சீசாவும் துண்டுமாக நம் வாசலில் வந்து இறங்கும். யார் மாமா, யார் சித்தப்பா என்று அம்மாவுக்கே தடுமாற்றம்.

காலையில் நான் பரிமாறவில்லை. அடுக்களையில் தேங்காய் துருவினேன். துருவி முடிந்த பிறகும் துருவினேன், வெளியே வரச் சொல்லிவிடுவார்களோ என்று.

முன்கூடமான பட்டாசாலையில் ஆண்களுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். உட்காரவைத்திருந்தார்கள் என்று எழுத வேண்டும். வயது இருபத்தொன்று. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். வேலை இல்லை. யாரோ ஒரு மாமா கேட்டார்: "என்ன மாப்ள, என்ன சோலி பாக்குத?" கதவிடுக்கில் பார்த்தேன். அவன் கழுத்து சிவந்தது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான். தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. இங்கே அடுக்களையில் எனக்கும் கை வியர்த்துவிட்டது.

அப்பா: "வாயில என்னலே, கொழுக்கட்டயா? மாமா கேக்காவல்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து அதே மாமா அடுக்களை வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டினேன். கை நடுங்கி அவர் காலில் பாதித் தண்ணீர். தலை தூக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பட்டாசாலைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னது: "பொண்ண நல்லா வளத்திருக்கிய. என்னா அடக்கம்!"

ஒரே நடுக்கம். அவனுக்குக் கொழுக்கட்டை, எனக்கு அடக்கம்.

இன்று சொல்ல நினைத்துச் சொல்லாதவை:
இடது காது வலிக்கிறது (போன வாரம் அருவியில் குளித்ததிலிருந்து).
மாமா கால் மேல் சிந்திவிட்டது, மன்னிக்கணும்.
என் தலையணையை எடுத்தது யார்?

எழுதுவது அரங்கு என்கிற உள்ளறைக்குள், நெல் பத்தாயத்துக்கும் சுவருக்கும் நடுவில். இங்கே யாரும் வருவதில்லை. ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் அனுப்பியது இதற்காவது ஆயிற்று. வாயில் வராததெல்லாம் பென்சிலில் வருகிறது. எனக்கு வைத்த பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். அம்மனே சிரித்திருப்பாள்.

ஆனி 17

மழை விட்டு விட்டு. அப்பா விடியற்காலையிலேயே அண்ணனை வண்டியில் ஏற்றிக் குற்றாலம் போனார். சீசன் தொடங்கியதிலிருந்து தினம் இது நடக்கிறது. வைத்தியர் சொல்லியிருக்கிறார்: பயம் தெளிய அருவிக்கு அடியில் நிறுத்த வேண்டும், தலையில் தண்ணீர் அடிக்க அடிக்கப் புத்தி நேராகும். சித்தம் கலங்கியவர்களைச் சங்கிலியோடு கூட்டிவந்து நிறுத்துகிறார்களே, அந்த வரிசையில் இவனும். பிடரியில் அப்பா கை.

திரும்பி வந்தவனிடம் புறவாசலில் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. என்னிடம் மட்டும் அவனுக்குப் பேச்சு வரும். எனக்கும் அவனிடம் மட்டும்.

"தண்ணிக்குள்ள நிக்கயில நல்லாத்தான் இருக்கு குழலு. எவன் என்ன பேசினாலும் காதுல விழாது. வெளிய வந்தாத்தான் கஷ்டம்."

வைகாசியில் அவனைத் திருநெல்வேலிக்கு ஒரு ஆபீசில் வேலை கேட்க அனுப்பினார்கள். வாசல் வரை போயிருக்கிறான். உள்ளே போக முடியவில்லை. சாயங்காலம் வரை ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு ரயிலேறி வந்துவிட்டான். அப்பா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு கேட்டது: "சேல வாங்கித் தரட்டாலே?"

அதை இன்று நினைத்துக்கொண்டேன். சேலை கட்டியிருப்பவளுக்கு இதே வியாதி வந்தால் அது வியாதி இல்லை போலிருக்கிறது. எனக்கு வைத்தியர் இல்லை, அருவி இல்லை. மெச்சுகிறார்கள்.

காது: ராத்திரி குத்தல். நாளை அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஆனி 18

பாவூர்சத்திரத்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. (இனி பா. அத்தை.) ரயிலில் இரண்டு கூடைக் கத்தரிக்காய், ஒரு கூடைச் சேதி. அவள் வந்தால் வீட்டில் மற்றவர்கள் குரல் தாழ்ந்துவிடும், அப்பா உள்பட.

நான் அவள் காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே பேச்சு.

"திருவேங்கடத்துப் பக்கம்லே தம்பி. கரிசக்காடு, பருத்தியும் கம்புமா வெளையுது. வயசு முப்பத்தஞ்சு. மொதத் தாரம் போன வருசம் போயிட்டா, புள்ள குட்டி கெடையாது. குளிக்க வந்து குத்தாலத்துல வீடு புடிச்சித் தங்கியிருக்காவ. குளிச்ச மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு."

அப்பா: "அவசரமா இருக்கேக்கா?"

"ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பேச முடியாது. அதுக்குள்ள வெத்தலய மாத்திருவோம். ஆவணியில கல்யாணம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெந்நீரைப் பார்த்தேன். அத்தை காலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அப்புறமும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

காது வலியைச் சொல்லவில்லை. இன்று அது சேதியாகவே இருக்காது.

ஆனி 20

நேற்று எழுதவில்லை. தலைக்கு எண்ணெய், சீயக்காய், சேலைக்கு மடிப்பு என்று போய்விட்டது.

இன்று குற்றாலநாதர் கோயில். தற்செயலாகச் சந்தித்த மாதிரி. இரண்டு பக்கமும் வண்டி வைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டு, "அட, நீங்களா?" என்று அத்தை ஆச்சரியப்பட்டாள். நாடகக் கம்பெனியில் சேரலாம்.

எனக்கு நடந்தவை: நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் கல்தரை மட்டும். மாப்பிள்ளை முகம் பார்க்கவில்லை. கால் பார்த்தேன். பெருவிரல் நகம் உடைந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைத் தூக்கினாள். "பேரென்ன தாயி?"

பெயர் வாய்க்குள் இருந்தது. வெளியே வரவில்லை. மேலுதடு துடித்தது எனக்கே தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது. அத்தை பதில் சொன்னாள். பெயர், வயது, சமையல், கோலம், எல்லாம்.

அந்த அம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம். "கையப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! எங்களுக்கு வாயில்லாப் பூச்சிதான் வேணும்."

அண்ணன் கொஞ்சம் தள்ளித் தூண் ஓரம் நின்றான். திருவேங்கடத்துப் பெரியவர், மாப்பிள்ளையின் பெரியப்பா, அவனிடம் ஏதோ கேட்டார். அவன் கை நடுங்கியதை யாரும் மெச்சவில்லை. அப்பா நடுவில் வந்து, "அவனுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று சமாளித்தார்.

ஆனி 21

திருவேங்கடத்து அம்மாள் வீட்டுக்கு வந்தாள், முறை பேச. புறவாசலில் அத்தையும் அவளும். நான் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியும். இருந்தால் என்ன என்று பேசினார்கள்.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"முந்தினவளும் இப்பிடித்தான் பாத்துக்கிடுங்க. வாயே தொறக்க மாட்டா. வயித்து வலி வந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல. அடுப்படியில எல்லா வேலையும் செஞ்சிருக்கா. மூணாம் நாளு சுருண்டு விழுந்துட்டா. வைத்தியர் வந்து பாத்துட்டு, முன்னாலேயே சொல்லியிருந்தா பொழைக்க வச்சிருக்கலாமேன்னாரு. என்னா பொறும! அப்பிடி ஒருத்தி இனிமே கெடைக்க மாட்டான்னு நெனச்சேன். கெடச்சிட்டா."

அத்தை: "கொடுத்துவச்சவிய நீங்க."

குழவி கையை விட்டுப் போய்விட்டது. மாவு சேலையெல்லாம். காது விண் விண் என்று தெறிக்கிறது. ஏழெட்டு நாளாக இந்த வலியை வைத்துக்கொண்டு நான் மாவாட்டுகிறேன், தேங்காய் துருவுகிறேன். பெற்ற தாயிடமே சொல்ல வாய் வரவில்லை. அங்கே போய் யாரிடம் சொல்வேன்?

பயமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வயதாயிற்று என்பதற்காக இல்லை. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவுமில்லை. அந்த வீட்டில் நான் ஒன்றும் சொல்லாமலே செத்துப்போவேன். செத்த பிறகு மெச்சுவார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஆனி 22

நாள் பார்த்தாகிவிட்டது. ஆனி 28. காலையில் நிச்சயதாம்பூலம்.

எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்று இப்போது பெரிய தலைவலி. பெண்ணின் கூடப்பிறந்தவன் தாம்பூலத் தட்டை ஏந்திப்போய் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது சபை கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "எங்க வீட்டுப் பொண்ண ஒங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்." பெண்ணுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் போதும்.

வீடு முழுக்க இப்போது ஒரே கவலை. அண்ணன் சொல்லிவிடுவானா?

அப்பா கூப்பிட்டார். "ஏட்டி, ஒங்கிட்டத்தான் வாயத் தொறக்கான். நீ சொல்லிக் குடு. தட்டப் புடிக்க, நடக்க, சொல்ல. நல்லாப் பழக்கிவிடு."

தலையை ஆட்டினேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

என்னைக் கொடுக்கிற வார்த்தையை நானே சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஆனி 23

அரங்கில் பாடம். பித்தளைத் தட்டு, அதில் ஒரு தேங்காய், கொஞ்சம் வெற்றிலை. நான் பத்தாயத்தின் முன்னால் திருவேங்கடத்துப் பெரியவராக உட்கார்ந்தேன். அண்ணன் கதவிலிருந்து நடந்து வந்தான். தேங்காய் தட்டில் உருண்டு உருண்டு விளிம்பில் இடித்தது. கை அப்படி. மூன்றாம் தரம் தேங்காய் என் காலிலேயே விழுந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

வார்த்தை வரவில்லை. "எங்க வீட்டு" வரை வந்தது.

மத்தியானம் அவனை வெற்றிலைக்குச் சொல்லிவரக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். கடையில் கூட்டம். கோபுரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்திருக்கிறான், கூட்டம் குறையும் என்று. குறையவில்லை. வெறுங்கையோடு வந்தான். அத்தை சமையல்காரர் முன்னாலேயே கத்தினாள்: "இவன நம்பி ஒரு வீடு இருக்கே!"

என்னை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை. அதனால் என் வியாதி கடைத்தெருவுக்குத் தெரியாது. அவனுக்கு ஒளிய அடுக்களை இல்லை. எனக்கு ஒளிய இடம் உண்டு, தப்பித்துப் போக வழி இல்லை. யாருடையது மோசம் என்று யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனி 24

சாரல் இல்லை. மேகம் மட்டும்.

எழுத வேண்டியது இது. பாடம் நடந்துகொண்டிருந்தது. நாலைந்து தரம் தப்பு. அப்புறம் திடீரென்று வந்துவிட்டது. தட்டோடு நின்றான், மூச்சு வாங்கினான், சொன்னான்: "எங்க வீட்டுப் பொண்ண ஒங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்." தெளிவாக, திக்காமல். அவனுக்கே ஆச்சரியம். முகம் மலர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறேன் என்றே தெரியவில்லை.

தட்டைக் கீழே வைத்தான். "ஒனக்கு இஷ்டமில்லயா?"

அவனிடமே வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆட்டுக்கல் அருகில் கேட்டது, மூன்று நாள் வயிற்றுவலி, பொறுமை, எல்லாம். "நானும் சொல்ல மாட்டேன் அண்ணே. எனக்குத் தெரியும். நானும் சொல்லாமலே போயிருவேன்."

அவன் வெற்றிலையைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினான்.

கடைசியில் நான் கேட்டேன். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று! "அன்னைக்கு நீ சொல்லாம நின்னுரு. ஒன்னால முடியலன்னுதான் நெனப்பாவ."

என்ன கேட்டேன் என்று அவன் போன பிறகுதான் உறைத்தது. எதற்காக அவனைத் தினம் அருவியில் நிறுத்துகிறார்களோ, அதை ஊர் பார்க்கச் செய் என்று கேட்டிருக்கிறேன்.

அவன் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆனி 25

காலையில் அப்பா சோதித்துப் பார்த்தார். பட்டாசாலையில் அப்பா, அத்தை, சித்தப்பா, சித்தப்பா மகன். அண்ணன் தட்டை எடுத்துவந்தான். சொன்னான். தெளிவாகச் சொன்னான். நாலு பேருக்கு முன்னால்.

அத்தை கைதட்டினாள். அப்பா கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன், நிஜமாகவே கலங்கியது. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் மணிக்கட்டில் கட்டினார். "இதுக்குத்தாம்லே அருவித் தண்ணி. இனிமே ஒன்ன ஒருத்தன் ஒண்ணு சொல்ல முடியாது."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவனுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும்தானே. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவன் மனிதனாகிவிடுவான். நியாயம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அடுக்களைக்குப் போனேன். அம்மாவைச் சுற்றி நாலு பெண்கள், முறுக்கு சுற்றிக்கொண்டு. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா: "என்னட்டி?" நான்: "ஒண்ணுமில்ல."

ஆனி 26

மழை பலம். ஐந்தருவியில் தண்ணீர் தாறுமாறு என்று வண்டிக்காரர் சொன்னார்.

வந்து இறங்கியவை: வாழையிலைக் கட்டு, பூசணிக்காய், சர்க்கரை மூட்டை, வாடகை ஜமுக்காளம், பண்பொழியிலிருந்து இன்னும் ஏழு பேர்.

அரங்கில் ஆள் படுத்திருக்கிறார்கள். எழுத இடமில்லை. மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அண்ணன் என்னைக் கண்டால் விலகிப் போகிறான். காதில் ஈரம் கசிகிறது. பஞ்சு வைத்து முடியால் மறைத்திருக்கிறேன்.

ஆனி 27

நாளை.

ஆனி 28

எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஆனி 29

இப்போது எழுதலாம். வீட்டில் ஆளில்லை. இருந்தவர்கள் எல்லோரும் நேற்று மத்தியானமே மூட்டை கட்டிவிட்டார்கள். பா. அத்தை மட்டும் இருக்கிறாள்.

பட்டாசாலையில் ஜமுக்காளம். ஒரு பக்கம் திருவேங்கடத்தார், எதிரே நம்மவர்கள். பெண்கள் அரங்கு வாசலில். நான் நிலைப்படிக்கு உள்ளே, பட்டுச்சேலையில், தலை குனிந்து. அத்தை கை என் முதுகில்.

பெரியவர்: "நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. பொண்ணு கூடப்பொறந்தான் எங்கன?"

அண்ணன் எழுந்தான். தட்டை எடுத்தான். நடந்தான். தேங்காய் உருளவில்லை. பாடத்தில் ஒரு தரம்கூட உருளாமல் இருந்ததில்லை. சொல்லப்போகிறான் என்று எனக்கு உயிர் போயிற்று.

பெரியவர் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் தட்டோடு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

அப்பா மெதுவாக: "சொல்லுலே."

யாரோ இருமினார்கள். பின்னால் ஒருவர் சிரித்தார். அப்பா கொஞ்சம் பலமாக: "சொல்லுலே!" பெரியவர் தட்டின் விளிம்பைப் பிடித்தார். அண்ணன் விடவில்லை.

அப்பா முகம் கறுத்துவிட்டது. அத்தை என் முதுகிலிருந்து கையை எடுக்காமலே குரல் கொடுத்தாள்: "அவனுக்குப் பழசு திரும்பிட்டு. அவன் கெடக்கான், சித்தப்பா மவன் வாங்கிக் குடுக்கட்டும். அவனும் அண்ணன் மொறதான்."

சித்தப்பா மகன் வேட்டியை இழுத்துக்கொண்டு எழுந்தான். அவ்வளவுதான், முடிந்தது. அவன் பேசாமல் நின்றால் போதும் என்று இரண்டு பேரும் நம்பியிருந்தோம். எவ்வளவு லேசாக அதைத் தாண்டிவிட்டார்கள்!

அப்போதுதான் அண்ணன் பேசினான். அடைத்த குரல். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

அப்பா: "எவகிட்டலே?"

"குழலுகிட்ட. அவ சொல்லட்டும். அப்புறம் நான் சொல்லுதேன்."

அத்தனை தலையும் அரங்கு வாசலுக்குத் திரும்பியது.

அந்த நிமிஷம் அவனை வெறுத்தேன். அவனுக்குத் தெரியும், நாலு கண் பார்த்தாலே எனக்கு என்ன ஆகும் என்று. உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தவனே கொண்டுவந்து என் தலையில் இறக்கிவிட்டான்.

காதுக்குள் ஒரே இரைச்சல், அருவிக்கு அடியில் நிற்பது போல. அத்தை முதுகில் கிள்ளினாள். "தலய மட்டும் ஆட்டுட்டி, போதும்."

பேசாமல் நின்றால் சம்மதம். தலையை ஆட்டினால் சம்மதம். அழுதால்கூட, பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்பார்கள், அதுவும் சம்மதம். எனக்குத் தெரிந்த எதுவும் உதவாது என்று அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா: "என்ன சொல்லுதா?"

அத்தை: "சரிங்கா. கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்லுதா."

ஒரு தரம் சொன்னதே என் ஆயுசுக்குப் போதும் என்றிருந்தது. அதை மறுபடியும் சொல்ல வேண்டுமா? அண்ணனைப் பார்த்தேன். தட்டோடு அப்படியே நின்றான். கழுத்து சிவந்து, காது சிவந்து, வியர்வை சொட்ட. ஆனால் தட்டு நேராக இருந்தது.

"அத்த சொல்லுதது இல்ல. வேண்டாம்னு சொன்னேன். எனக்குச் சம்மதம் இல்ல."

கத்தலாகப் போய்விட்டது. எவ்வளவு குரல் போட வேண்டும் என்று எனக்கு அளவு தெரியாது.

முதலில் எழுந்தது மாப்பிள்ளைதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரிங்க பெரியப்பா, போவோம்" என்றார். வாசலில் ஒரு தரம் திரும்பினார். முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவருக்கும் வியர்த்திருந்தது.

ஆனி 30

மேகமூட்டம். மிஞ்சிய முறுக்கை எறும்பு மொய்க்கிறது, யாரும் தொடவில்லை.

அப்பா அன்றைக்கு அண்ணனை அடித்தார். அத்தனை பேர் முன்னால், கன்னத்தில். "பேசத் தெரிஞ்சவனுக்கு எதப் பேசணும்னு தெரியாதாலே?" கடிகாரம் திரும்ப அப்பா கைக்குப் போய்விட்டது. என்னை அடிக்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

அண்ணனிடம் தொழுவத்தில் கேட்டேன், ஏன் அப்பாவிடம் அப்படித் தெளிவாகச் சொல்லிக் காட்டினாய் என்று.

"சொல்லிக் காட்டலன்னா அன்னைக்கே தட்டச் சித்தப்பா மவன்கிட்டக் குடுத்திருப்பாவ. என் கையில இருக்கணும்லா?"

"தங்கச்சிக்கு இஷ்டமில்லன்னு நீயே சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னா, கிறுக்கன் ஒளறுதான்னு தள்ளிட்டுப் போயிருப்பாவ." கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒன்ன மாட்டிவிட்டுட்டேன். தெரியும்."

கோபம் இருந்தது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருக்கிறது.

ராத்திரி அம்மா என் இலையில் மட்டும் நெய் விட்டாள்.

அத்தை இப்போது என்னை வாயாடி என்கிறாள். பதினேழு வருஷத்து அடக்கம் இரண்டு வாக்கியத்தில் போய்விட்டது. இன்று அப்பாவிடம் அவள் சொன்னது: "பேசாத பிள்ள சபையில கத்துதான்னா என்ன அர்த்தம்? என்னமோ புடிச்சிருக்கு. நாளைக்கே கொண்டுபோயி அருவியில நிப்பாட்டு."

அப்பா சரி என்றார்.

அவன் பேசவில்லை என்று அருவி. நான் பேசினேன் என்று அருவி. அதே வண்டி, அதே மாடு.

காது இன்று பூராவும் நெருப்பு. தலை சாய்க்க முடியவில்லை. அந்தத் தண்ணீர் இதில் அடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே நடுங்குகிறது. சொல்ல வேண்டும். சபையில் சொன்னவளுக்கு இதைச் சொல்ல முடியாதா? முடியவில்லை. அன்றைக்குக் கேட்டார்கள். காது வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே.

ஆனி 31

காற்று. சாரல் படிக்கட்டு வரை அடிக்கிறது.

வண்டி வாசலில். அத்தை ஏறிவிட்டாள். அப்பா முன்னால். அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்றைக்கு அவனுக்கு அருவி இல்லை. பேசிவிட்டானே. அம்மா துண்டும் மாற்றுச்சேலையும் கொண்டுவந்து நீட்டினாள்.

ஒரு காலை வண்டிப் படியில் வைத்துவிட்டேன்.

"எம்மா, எனக்குக் காது வலிக்கு."

அம்மா: "என்னது?"

இரண்டாம் தரம். எப்போதும் இரண்டாம் தரம் வந்துவிடுகிறது. "எடது காது. சீழ் வடியுது. தண்ணியில நிக்க மாட்டேன்."

அத்தை: "பாத்தியா, சாக்கு சொல்லுதா!"

அம்மா என் முடியை ஒதுக்கினாள். பஞ்சை எடுத்தாள். பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "எத்தன நாளாட்டி?"

"சீசன் தொடங்கினதிலேருந்து."

"ஏன் சொல்லல?"

அம்மா திரும்பி அப்பாவிடம் சொன்னாள். அப்பாவிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை: "மாட்ட அவுக்கச் சொல்லுங்க. எவளும் எங்கயும் போகல. வைத்தியரக் கூட்டிட்டு வாங்க."

அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். அண்ணன் நுகத்தை அவிழ்த்தான்.

வைத்தியர் பார்த்தார். காதுக்குள் விட அவரே ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அடுக்களையில் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். அவள் காதில் வைக்கப் பஞ்சுத் திரி தயார் செய்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். நான் எழுதுவதை அவள் பார்க்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணெய்க் கரண்டியைக் கிட்டே கொண்டுவந்து, "சூடு தாங்குமாட்டி?" என்றாள்.

தாங்கும் என்று வாய் வரை வந்துவிட்டது.

"தாங்காது. ஆறட்டும்" என்றேன்.